பயப்படாமல் கேளுங்கள்

இந்த இதழில் பிள்ளைகளின் பயம், பதற்றம் பற்றிய கேள்விகள் மட்டும். ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொண்டோம். பிள்ளையின் பயத்தைப் பக்கம் பக்கமாக எழுதிய பெரியவர்கள் அத்தனை பேரும் கடைசி வரியில் "தயவுசெய்து எங்கள் பெயர் வேண்டாம்" என்று தங்கள் பயத்தையும் எழுதியிருந்தார்கள்.

கே: மகன் ஐந்தாம் வகுப்பு. திங்கட்கிழமை காலை ஏழு மணி ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறான். ஸ்கேன், ரத்தம், மோஷன் டெஸ்ட் எல்லாம் நார்மல். வேன் போனதும் எழுந்து உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிடுகிறான். "சரியான நடிகன்" என்கிறார் கணவர்.
— ஒரு தாய், நாமக்கல்

ப: நடிகனாக இருந்தால் தோசையை மறைத்துச் சாப்பிட்டிருப்பான். வலி உண்மை. காரணம்தான் வயிற்றில் இல்லை. 1890களின் கடைசியில் வால்ட்டர் கேனன் என்ற அமெரிக்க மாணவர், அப்போதுதான் புதிதாக வந்திருந்த எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு பூனையின் இரைப்பை எப்படி அசைகிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டாலோ சீறினாலோ அசைவு சட்டென்று நின்றுபோனது. தடவிக் கொடுத்து அமைதியானதும் மறுபடி ஆரம்பித்தது. ஆபத்து என்றால் எதிர்த்து நிற்க வேண்டும், இல்லை ஓட வேண்டும். இரண்டுக்கும் ரத்தம் கை காலுக்குத்தான் தேவை. சாப்பாட்டைச் செரிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உடம்பு தள்ளிப்போடுகிறது. 1915இல் கேனன் இதையெல்லாம் ஒரு புத்தகமாகவே எழுதினார். வேன் ஹாரன் கேட்டதும் உங்கள் மகனின் உடம்பு செய்வது அந்த வேலையைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் வாடுகிறதா? முழுப் பரீட்சை லீவில் ஒரு நாளாவது வலித்ததா? எந்தப் பீரியட் இருக்கிற நாளில் அதிகம்? இந்த மூன்றுக்கும் பதிலை ஒரு தாளில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். இன்னொரு ஸ்கேனை விட அது உதவும். ஆனால் ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, எடை குறைவு, மலத்தில் ரத்தம், காய்ச்சல் இதில் ஏதாவது இருந்தால் பயம் என்று முடிவுகட்டாதீர்கள். வயிற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லீவு போட விடாதீர்கள். ஒரு நாள் வீட்டில் தங்கினால் மறுநாள் பள்ளி இரண்டு மடங்கு தூரமாகிவிடும். அரை நாளாவது போகட்டும். தங்கியே தீர வேண்டிய நாளில் டி.வி., செல்போன் கிடையாது. தோசை உண்டு.

கே: எங்கள் காலத்தில் இந்த ஆங்ஸைட்டி எல்லாம் ஏது? இப்போது எதற்கெடுத்தாலும் ஒரு வியாதிப் பெயர்!
— ஒரு தாத்தா, கும்பகோணம்

ப: இருந்தது ஐயா. பள்ளிக்கூடம் போக அழுத பெண்ணை "படிச்சது போதும்" என்று அடுப்படிக்கு அனுப்பினீர்கள். பையனை மளிகைக் கடையில் பொட்டலம் கட்ட விட்டீர்கள். அப்புறம் எங்கிருந்து கணக்கு வரும்? கல்யாண வீட்டில் பந்தி முடியும்வரை கொல்லைப்புறத்திலேயே நின்றுவிட்டுப் போன சித்தப்பா ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருந்திருப்பார். "சங்கோஜி" என்று பெயர் வைத்துவிட்டு விட்டுவிட்டோம்.

ராஜ்கோட்டில் ஒரு பையன் பள்ளி மணி அடித்ததும் வீட்டைப் பார்த்து ஓடுவான், யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று. இருட்டு, திருடன், பேய், பாம்பு எல்லாவற்றுக்கும் பயம்; விளக்கில்லாமல் தூக்கம் வராது. லண்டன் போய் பாரிஸ்டர் ஆகி வந்து, பம்பாயில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, வாயில் வார்த்தை வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய ஃபீஸைத் திருப்பித் தந்துவிட்டு, தென்னாப்பிரிக்கா போகும்வரை கோர்ட்டில் வாதாடவே இல்லை. இத்தனையையும் அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். காந்தி உங்களை விடவும் மூத்தவர்தானே?

கே: தெருநாயைக் கண்டால் என் பெண் பத்தடி தள்ளிப் போகிறாள். ஃபோபியாவா?
— திருப்பூர்

ப: பொது அறிவு. நாய் இருக்குமோ என்று வாசற்படியே இறங்க மறுத்தால் மட்டும் அடுத்த கடிதம் போடுங்கள்.

கே: அப்படியானால் சாதாரண பயத்துக்கும் சிகிச்சை தேவைப்படும் பயத்துக்கும் எங்கே கோடு போடுவது?
— ஓர் ஆசிரியை, மன்னார்குடி

ப: முதலில் வயதைப் பாருங்கள். எட்டு மாதக் குழந்தை புது முகம் பார்த்தால் அழும். இரண்டு வயதில் அம்மா குளிக்கப் போனாலே வீடு அதிரும். நாலைந்து வயதில் இருட்டும் பேயும். ஏழெட்டு வயதில் "அப்பா செத்துட்டா என்ன பண்றது?" பதின்மூன்றில் "எல்லாரும் என்னையே பாக்கறாங்க." இதெல்லாம் வளர்ச்சி. இரண்டு வயதுப் பயம் பத்து வயதிலும் அதே வேகத்தில் இருந்தால் யோசிக்க வேண்டும்.

அடுத்து நாட்கணக்கு. உலகமெங்கும் மனநல மருத்துவர்கள் புரட்டும் அமெரிக்கக் கையேட்டின்படி, அம்மா அப்பாவைப் பிரிகிற பயம் பிள்ளைகளுக்கு நாலு வாரமாவது நீடிக்க வேண்டும். எதையெடுத்தாலும் கவலை, நாலு பேர் முன்னால் போக பயம் என்பவற்றுக்கு ஆறு மாதம். மாமா வீட்டுக் கல்யாணத்தில் ஒரு நாள் மூலையில் உட்கார்ந்ததற்கெல்லாம் சீட்டு எழுத முடியாது.

நான் இந்த இரண்டையும் விட மூன்றாவதைத்தான் பார்ப்பேன்: பயத்தால் பிள்ளை எதை விட்டுக்கொடுத்திருக்கிறது? ஸ்கூல் டூர் போகவில்லை, பிறந்தநாள் வீட்டுக்குப் போகவில்லை, சந்தேகம் கேட்கக் கை தூக்கவில்லை, பிடித்த குரூப் எடுக்கவில்லை. இந்தப் பட்டியல் மாதாமாதம் நீள்கிறது என்றால் கோடு தாண்டிவிட்டது. 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயதுக்காரர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் உட்காரும் உங்கள் வகுப்பில் அது இரண்டு மூன்று பேர். பெரும்பாலும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பவர்களாக இருப்பார்கள். அதனால்தான் "நல்ல பிள்ளை" என்று ரிப்போர்ட் கார்டில் எழுதுகிறோம்.

கே: நாலு அறை விட்டால் பயமெல்லாம் ஓடிவிடும் என்கிறார் மாமனார்.
— விழுப்புரம்

ப: ஓடும். ஒரு பயம் இருந்த இடத்தில் இரண்டு வந்து உட்காரும்.

கே: வீட்டில் வாய் மூடாமல் பேசும் என் ஆறு வயது மகள், பள்ளியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. சேர்த்து ஒரு வருஷம் ஆகிறது. "அழுத்தக்காரி, திமிர்" என்கிறார் மிஸ்.
— ஒரு தாய், கோவில்பட்டி

ப: மிஸ்ஸைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். 1877இல் ஜெர்மன் மருத்துவர் குஸ்மால் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியபோது, வேண்டுமென்றே பேசாதவர்கள் என்றுதான் அவரும் நினைத்தார். அது பிடிவாதம் இல்லை, தொண்டையைப் பிடிக்கிற பயம் என்று தெளிவாகி, 2013இல்தான் அந்த அமெரிக்கக் கையேடு இதைப் பதற்ற நோய்களின் வரிசையில் சேர்த்தது. மருத்துவ உலகத்துக்கே இத்தனை காலம் பிடித்தது என்றால் மிஸ்ஸுக்கு ஒரு வருஷம் தரலாம்.

பேசு பேசு என்று நிற்க வைத்தால் பேச மாட்டாள். "பேசினா சாக்லேட்" என்று வகுப்பு முன்னால் ஏலம் போட்டாலும் பேச மாட்டாள். பள்ளி விட்டபின் நாலரை மணிக்கு, காலி வகுப்பறையில் நீங்களும் அவளும் பாம்பு ஏணி விளையாடுங்கள். வேறு யாரும் வேண்டாம். அவள் "அம்மா, பாம்பு கடிச்சிருச்சு!" என்று வழக்கமான குரலில் கத்தும்வரை இதே விளையாட்டு. அப்புறம் ஒரு நாள் மிஸ் வராந்தாவில் நடந்து போகட்டும், உள்ளே பார்க்காமல். அடுத்த முறை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தட்டும், நிமிராமல். அதற்கப்புறம் பக்கத்து பெஞ்ச். அதற்கும் அப்புறம் மூன்றாவது ஆளாகத் தாயக்கட்டையை வாங்கி உருட்டட்டும். குரல் அடங்கிப்போனால் ஒரு படி பின்னால் போங்கள். பாம்பு கடித்தால் இறங்குவது அந்த விளையாட்டிலேயே இருப்பதுதானே. கடைசியில் நீங்கள் "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று வெளியே போகும் நாள் வரும். இதற்கு மாதங்கள் ஆகும். குழந்தை மனநல நிபுணர் கூட இருந்தால் எப்போது எந்தப் படி என்று சொல்லுவார். காது கேட்கும் திறனையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

மிஸ்ஸுக்கு ஒரே வேண்டுகோள்: அவள் முதல் வார்த்தை பேசும் நாளில் கை தட்டாதீர்கள். கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளாமல் ஆட்டத்தைத் தொடருங்கள்.

கே: மேடைப் பயம் தமிழனுக்கே உரியதா?
— சிவகாசி

ப: தமிழனுக்கு உரியதோ இல்லையோ, வள்ளுவருக்குத் தெரிந்தது. அவையஞ்சாமை என்று 73ஆவது அதிகாரம் முழுவதும் இதற்குத்தான். அதை ஒப்பிக்கச் சொல்லிப் பிள்ளைகளை மேடையேற்றி நடுங்க வைப்பது நம் பங்களிப்பு.

கே: பிளஸ் டூ படிக்கிறேன். வீட்டில் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் மொத்தமும் அழிந்துவிடுகிறது.
— ஒரு மாணவி, தேனி

ப: அழியவில்லை அம்மா. எடுக்க வரவில்லை, அவ்வளவுதான். 1908லேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். அதிர்ச்சி லேசாக இருந்தால் எலி மந்தமாகக் கற்றது. கொஞ்சம் கூட்டினால் நன்றாகக் கற்றது. ரொம்பக் கூட்டினால், கஷ்டமான பாடத்தில் தடுமாறியது. அதனால் பயமே இல்லாமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாதே. கொஞ்சம் இருப்பது நல்லது.

பொதுத் தேர்வில் பேப்பரைப் படிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். அதில் தெரியாத கேள்வியை எண்ணிக்கொண்டிருக்காதே. தெரிந்த மூன்றைத் தேடு. மூச்சை உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். பேனா ஓட ஆரம்பித்தால் மற்றதும் வரும். இன்னொன்று, வீட்டில் படுக்கையில் சாய்ந்துகொண்டு படித்துவிட்டு ஹாலில் மட்டும் தைரியம் வர வேண்டும் என்றால் எப்படி? இப்போதிருந்தே ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மேஜையில், கடிகாரம் வைத்து, பழைய கேள்வித்தாளை முழுசாக எழுது. அண்ணனைக் குறுக்கும் நெடுக்கும் நடக்கச் சொல். ஃபிளையிங் ஸ்குவாட் வேஷம் போட அண்ணன்மாருக்குப் பிடிக்கும்.

கே: நீட் இரண்டாவது முறை எழுதப்போகிறான் மகன். அறையை விட்டு வெளியே வருவதில்லை. "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்கிறான். சும்மா மிரட்டுகிறானா?
— ஊரும் வேண்டாம் என்றார்

ப: இவரை ஆசிரியர் குழு அன்றே போனில் அழைத்துப் பேசிவிட்டது. மற்ற வீடுகளுக்காக எழுதுகிறேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறு. கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்றுதான் அவனுக்குத் தெரியும். பதில் எதுவானாலும் கத்தாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்து, மாத்திரைகள் எல்லாம் இன்றைக்கே வீட்டை விட்டுப் போகட்டும். இன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நடு ராத்திரி என்றாலும் அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. பரீட்சை அடுத்த வருஷமும் நடக்கும்.

கே: சாயங்காலத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் நின்று குழந்தைக்கு ஓதி ஊதிக்கொண்டு வருகிறோம். நாங்கள் இந்துக்கள். நிறுத்தச் சொல்கிறார் படித்த மருமகள்.
— ஒரு பாட்டி, வேலூர்

ப: எதற்கு நிறுத்த வேண்டும்? எல்லா மதத்துப் பிள்ளைகளும் இடுப்பில் ஏறி வரிசையில் நிற்கிற இடம் அது. பிள்ளைக்கு உடம்பும் மனசும் அடங்குகிறது என்றால் போய்வாருங்கள். இரண்டே நிபந்தனைகள். அடிக்கிற, சூடு போடுகிற, பட்டினி போடுகிற இடமாக இருந்தால் வாசலை மிதிக்காதீர்கள். இரண்டு மாதம் ஊதியும் பயம் போகவில்லை என்றால் மருமகள் சொல்லும் டாக்டரிடமும் போங்கள். டாக்டரும் ஓதுகிறவரும் ஒருவர் வரிசையில் இன்னொருவர் நின்று பார்த்திருக்கிறேன்.

கே: எனக்கே பயந்த சுபாவம். மகனும் அப்படியே. பன்னிரண்டு வயதில் இன்னும் என் பக்கத்தில்தான் தூங்குகிறான். பரம்பரையா?
— ஒரு தாய், பாளையங்கோட்டை

ப: கொஞ்சம் பரம்பரை. ஹார்வர்டில் ஜெரோம் கேகன் நாலு மாதக் கைக்குழந்தைகளுக்குப் புதுப் பொம்மைகளை ஆட்டிக் காட்டியபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று காலை உதைத்து அழுதது. அந்தக் குழந்தைகள்தான் பின்னால் அதிகம் கூச்சப்பட்டன. ஆனால் அவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் எதுவும் வரவில்லை. பிறவிக்கும் நோய்க்கும் நடுவில் வீடு என்று ஒன்று இருக்கிறது.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன். அவனுக்காக நீங்கள் ஹோட்டலில் ஆர்டர் சொல்கிறீர்கள். உறவினர் வந்தால் "அவனுக்குத் தலைவலி" என்று அறைக்குள் அனுப்புகிறீர்கள். மாடி அறையில் பென்சில் எடுக்கக் கூடப் போகிறீர்கள். "ஒண்ணும் ஆகாதுல்லம்மா?" என்று கேட்கும்போதெல்லாம் "ஒண்ணும் ஆகாது" என்கிறீர்கள், அவனும் ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்கிறான். பாசம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் மூளைக்குப் போகிற சேதி: அம்மா இல்லாவிட்டால் முடியாது.

யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் இதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார். பிள்ளையை வரச்சொல்லவே இல்லை. பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. பிள்ளைக்காகத் தாங்கள் செய்துகொடுப்பதை ஒவ்வொன்றாகக் குறைப்பதுதான் பாடம். 7 முதல் 14 வயது வரையுள்ள 124 பிள்ளைகளை வைத்துப் பார்த்ததில், பிள்ளைக்கு நேராகக் கொடுத்த சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) பயிற்சிக்கு இது கொஞ்சமும் குறையவில்லை.

வீட்டில் செய்ய: முதலில் பகலில், நல்ல மூடில் இருக்கும்போது சொல்லிவிடுங்கள். "உனக்குப் பயமா இருக்குன்னு எனக்குத் தெரியும். உன்னால தாங்க முடியும்னும் தெரியும். திங்கட்கிழமைல இருந்து அம்மா கட்டில்ல படுக்க மாட்டேன், பக்கத்துல பாய் போட்டுக்கறேன்." அப்புறம் பாய் கதவருகே நகரட்டும். அப்புறம் ஹாலுக்கு, கதவு திறந்தபடி. முதல் நாள் ராத்திரி அழுவான். ஆறுதல் சொல்லுங்கள், பாயை மட்டும் நகர்த்தாதீர்கள். நாலாம் நாள் அழுகையில் மனசு இளகிக் கட்டிலில் ஏறிவிட்டால் பயிற்சி உங்களுக்குத்தான் நடந்திருக்கிறது என்று அர்த்தம். அவன் அப்பாவும் இதே திட்டத்தில் இருக்க வேண்டும். ஒருவர் இழுத்து ஒருவர் விட்டால் பாய்தான் கிழியும்.

கே: எதற்குப் பயமோ அதையே காட்டிப் பழக்க வேண்டும் என்கிறார் கவுன்சலர். கேட்கவே கொடுமையாக இருக்கிறதே?
— ஒரு தந்தை, காரைக்குடி

ப: கிராமத்துக் கிணற்றில் நீச்சல் பழகியிருக்கிறீர்களா? முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, மேல்படியில் கயிற்றைப் பிடித்தபடி சித்தப்பா. கிணற்றைக் காட்டாமல் நீச்சல் வராது. கயிறில்லாமல் தள்ளிவிட்டால் ஜென்மத்துக்கும் கிணற்றுப் பக்கம் போக மாட்டோம். கவுன்சலர் சொல்வது கயிறு கட்டிய வகை.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி பீட்டர் என்ற மூன்று வயதுப் பையனை இப்படித்தான் பழக்கினார். அவனுக்கு முயல் என்றால் அலறல். வெள்ளைப் பஞ்சைக் கண்டால் கூடப் பயம். அவனுக்குப் பிடித்ததைத் தின்னக் கொடுத்துவிட்டு, கூண்டு முயலை அறையின் தூரத்து மூலையில் வைத்தார். சாப்பாடு தடைப்படாத அளவுக்கு நாளுக்கு நாள் கொஞ்சம் நெருக்கினார். முயலுக்குப் பயப்படாத மற்ற பிள்ளைகளையும் பக்கத்தில் விளையாட விட்டார். நடுவில் பீட்டருக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். திரும்பி வரும் வழியில் ஒரு பெரிய நாய் மேலே பாய்ந்து, ஏறின படியெல்லாம் இறங்கிப்போனது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கடைசியில் முயலைத் தன் விரலைக் கடிக்க விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு சி.பி.டி. என்று ஃபீஸ் வாங்கிக்கொண்டு செய்வதன் உயிர்நாடி இதுதான்.

பிள்ளையைக் கேட்டுத்தான் படி போட வேண்டும். "இன்னிக்கு எதுவரைக்கும் போகலாம்?" என்பதை அவன் சொல்லட்டும். ஏமாற்றி, பேச்சுக் கொடுத்தபடியே நாய்க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அப்புறம் நாயோடு உங்களையும் சேர்த்துப் பயப்படுவான்.

கே: மகள் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். காலையிலிருந்து தண்ணீர் கூடக் குடிப்பதில்லை. ஏழாம் வகுப்பு. இதுவும் பதற்ற நோய்தானா?
— திருவண்ணாமலை

ப: டாக்டரிடம் போகும் முன் பள்ளிக்குப் போய் கழிப்பறையைப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். மாதவிலக்கு நாட்களில் என்ன செய்கிறாள் என்று அம்மா கேட்கட்டும். பள்ளி வெறுப்பு எல்லாமே மனதுக்குள்ளிருந்து முளைப்பதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளை, வகுப்பில் கேலிக்கு ஆளாகிற பிள்ளை, வேனிலோ ஆட்டோவிலோ யாரோ கண்ட இடத்தில் தொடுகிறார்கள் என்று சொல்லத் தெரியாத பிள்ளை என்று இத்தனை பேரும் "வயிறு வலிக்குது" என்றுதான் சொல்வார்கள். தொடுகிற விஷயம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள்; போக்சோ சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. உண்மையான ஆபத்தை வைத்துக்கொண்டு பிள்ளைக்குத் தைரியப் பயிற்சி கொடுப்பது பெரிய பாவம்.

கே: மருந்து கொடுத்தால் அடிமையாகிவிடுவானா?
— ஒரு தந்தை, ஓசூர்

ப: முதலில் ஒரு கணக்கு. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 7 முதல் 17 வயது வரை 488 பிள்ளைகள். பன்னிரண்டு வாரம் கழித்து நன்றாகத் தேறியவர்கள்: சி.பி.டி. மட்டும் எடுத்தவர்களில் 60 சதவீதம், செர்ட்ராலின் மாத்திரை மட்டும் 55, இரண்டும் சேர்த்து 81, வெறும் மாவு மாத்திரை 24. லேசான பயத்துக்குப் பயிற்சி போதும். பள்ளியே நின்றுபோகிற அளவுக்குப் போனால் மாத்திரையும் சேரும்.

செர்ட்ராலின் வகை மாத்திரைகள் போதை தருவன அல்ல. பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மூன்றாம் நாள் "ஒண்ணும் தெரியலையே" என்று நிறுத்தக் கூடாது, தேறியபின் ஒரே நாளில் தூக்கி எறியவும் கூடாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: செர்ட்ராலின் உள்ளிட்ட மனச்சோர்வு மருந்துகளால் சிறுவர்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று 2004இல் அமெரிக்க அரசு அட்டையிலேயே அச்சிட வைத்தது. அதனால் ஆரம்ப வாரங்களில் டாக்டர் அடிக்கடி வரச்சொல்வார். பணம் பிடுங்குவதற்கு என்று நினைக்க வேண்டாம்.

கே: மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பதற்றத்துக்கு அரை மாத்திரை தருகிறாரே, பரீட்சை அன்று மட்டும் கொடுக்கலாமா?
— அதே ஓசூர்

ப: மகன் நிம்மதியாகத் தூங்குவான். பரீட்சை ஹாலில். அடிமையாகிவிடுவானோ என்று நீங்கள் பயப்பட வேண்டிய மாத்திரை அதுதான்.

கே: பஸ்ஸில் போகும்போது திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை மரத்துப்போகிறது, செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. ஈ.சி.ஜி. நார்மல். பயந்து இப்போது பஸ்ஸிலேயே ஏறுவதில்லை.
— 16 வயது, ஆவடி

ப: தம்பி, பேனிக் அட்டாக் மாதிரி இருக்கிறது. தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துவிடு. எனர்ஜி டிரிங்க் குடிக்கிறாயா என்று உன்னையே கேட்டுக்கொள். அது உச்சத்துக்கு ஏறுவது சில நிமிடங்களில்; அப்புறம் தானாக இறங்கியே ஆக வேண்டும், உடம்பால் அதே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட முடியாது. மரத்துப்போவது வேகவேகமாக மூச்சு வாங்குவதால். சினிமாவில் காட்டுகிற காகிதப் பை வேண்டாம். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடு. இறங்கி ஓடாதே. பாதி வழியில் இறங்கினால் "இறங்கினதால பொழச்சேன்" என்று மூளை குறித்துக்கொள்ளும். ஒரு ஸ்டாப்பிலிருந்து அடுத்த ஸ்டாப் வரை, நண்பனோடு, கூட்டமில்லாத நேரத்தில் ஆரம்பி.

கே: எல்லாவற்றுக்கும் செல்போன்தான் காரணம். சரிதானே?
— செங்கல்பட்டு

ப: நடுராத்திரி வரை விழித்திருக்கச் செய்து தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கம் கெட்டால் பதற்றம் கூடும். அது வரை சரி. மீதிக்குப் போனை நிற்கவைத்துக் குற்றம் சாட்டுவது, நாம் நழுவிக்கொள்ள வசதி. நாலு பேரைப் பார்க்கப் பயப்படும் பிள்ளை போனுக்குள் போய் ஒளிகிறது. போனைப் பிடுங்கினால் போர்வைக்குள் ஒளியும். ராத்திரி போன் ஹாலில் சார்ஜ் ஏறட்டும், உங்களுடையதும் சேர்த்து.

கே: பெண்பிள்ளையை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனால் நாளைக்குக் கல்யாணத்தில் பிரச்சினை வராதா?
— ராசிபுரம்

ப: எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு இப்போதே மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்களா? 2017ஆம் வருட மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. நீங்கள் அத்தையிடம் சொல்லாமல் இருந்தால் போதும்.

கே: செலவு செய்ய வசதியில்லை. எங்கே போவது?
— பரமக்குடி

ப: அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், பெங்களூரில் நிம்ஹான்ஸின் குழந்தைகள் பிரிவு. அலைய முடியாதவர்களுக்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ், அதே 14416. தமிழிலேயே பேசலாம்.

கே: எனக்கு இதெல்லாம் இருக்கிற மாதிரி இருக்கிறது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் "சாப்பிடாம இருந்தா இப்படித்தான்" என்பார்.
— 14 வயது, சேலம்

ப: சமையலறையில் சொல். அம்மா வெங்காயம் நறுக்கும்போது நீ பூண்டு உரித்துக்கொண்டே சொல்லலாம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணீர் வந்தாலும் வெங்காயத்தின் மேல் போட்டுவிடலாம். "எனக்குப் பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் "எதுக்குப் பயம்?" என்று முடித்துவிடுவார். நடந்ததைச் சொல்: "மூணு வாரமா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வருது. கிளாஸ்ல பேர் கூப்பிட்டா கை நடுங்குது. டூருக்குப் பேர் குடுக்கல. டாக்டர்கிட்ட போகணும்மா." கடைசி வரியைக் கட்டாயம் சொல். அப்போதும் சாப்பாட்டையே பிடித்துக்கொண்டால் அப்பா, சித்தி, உனக்குப் பிடித்த டீச்சர் என்று வரிசையாகப் போ. யாருமே கேட்கவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்து ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிடு. பின்பக்கம் ராசிபலன் இருக்கிறது; எப்படியும் ஒருவர் எடுத்துப் படிப்பார்.